சேற்றுக் காலோடு வந்தவர்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். 'ர'வுக்கும் 'ற'வுக்கும் எனக்கு இன்னும் தகராறுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு என் கை பழகியதெல்லாம் ஆரணிச் சாயப்பட்டறையில் பட்டு நூலை முக்கியெடுக்கும் கழியோடுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் சரியாக எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

எங்கள் கோயிலில் ஒரு விழா மலர் போட்டார்கள். கோயில் என்றால் மாதா கோயில். அதில் நான் சொல்லப்போகிறவரைப் பற்றி இரண்டு வரி இருந்தது. நீண்ட ஆயுள் வாழ்ந்த பக்தியுள்ள விவசாயி, பெரிய குடும்பத்தின் தலைவர், அமைதியானவர், யார் மனதும் நோகாமல் நடந்தவர் என்று போட்டிருந்தார்கள். விவசாயி என்பது சரி. ஏழு பிள்ளைகள், பேரன் பேத்திகளின் பிள்ளைகள் என்று குடும்பம் பெரிது என்பதும் சரி. மற்றது பொய். அவர் அமைதியானவர் இல்லை. பலர் மனதை நோகடித்தார். வேண்டுமென்றே நோகடித்தார். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

பெயர் போடவில்லை. ஊர்க்காரர்களுக்குப் பெயர் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். உறவில்லை, ஒரே தெரு. அவர் என்னைச் 'சாயம்' என்று கூப்பிடுவார்.

அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்து, அந்தச் சம்பாத்தியத்தில் சந்தவாசல் போகும் ரோட்டோரம் ஒரு கிணறும் கொஞ்சம் கழனியும் வாங்கினார். எங்கள் காலனியில் சொந்தக் கழனி வைத்திருந்த முதல் குடும்பம் அதுதான். அவர் அந்தச் சேற்றிலேயே பிறந்தவர் மாதிரி இருப்பார். பாதம் அகலமாக, விரல்கள் விரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குதிகால் வெடிப்பில் சேறு காய்ந்து வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை.

செபத்தில்கூட அவர் பணிந்து பேச மாட்டார். வனத்து அந்தோணியார் சுருபத்தின் காலடியில் ஒரு பன்றி இருக்கும், பார்த்திருப்பீர்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை காய் பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றி வந்து கழனியைக் கிளறிவிட்டுப் போகும். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சுருபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் இருக்கிற எனக்கே கேட்கும்படி, "இத பாரு அந்தோணியாரே, உன் பன்னிய நீ கட்டி வெச்சிக்கோ. இனிமே எம் மல்லாட்டைல வாய வெச்சிச்சி, உனக்கு மெழுகுவத்தி கெடையாது, சொல்ட்டேன்" என்றார்.

நான் வெளியே வந்து, "இன்னா மாமா, சாமிகிட்ட இப்பிடியா பேசுவாங்க" என்றேன்.

"பின்ன எப்பிடிப் பேசுவாங்க? அவரு பன்னி, என் மல்லாட்டை. மறைக்க இன்னா கீது?"

இப்போது பெரிய வியாழனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயேசு சாவதற்கு முந்தின நாள் சீடர்களுடைய பாதங்களைக் கழுவினார் இல்லையா, அதை நினைத்து அன்று சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டு கட்டி, ஒவ்வொருவருக்கும் முன்னால் முழங்கால் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பாதத்தில் முத்தம் கொடுப்பார். அந்த முத்தம்தான் முக்கியம். அதைப் பார்க்கத்தான் சனம் எட்டி எட்டி நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதம் கழுவிக்கொள்ளப் போகிற ஆட்கள் மத்தியானத்திலிருந்தே பாதம் கழுவுவார்கள். கல்லில் தேய்த்து, சோப்பு போட்டு, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவுவார்கள். சிலர் பவுடர்கூடப் போடுவார்கள். சாமியார் கழுவும் போது கிண்ணத்தில் விழும் தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாகக் கிடக்கும்.

பன்னிரண்டு நாற்காலியில் பதினொன்று கோயில் தெருவுக்கு. எங்கள் காலனிக்கு ஒன்று, கடைசி நாற்காலி. ஞாயிறு பூசையில் பாதிக் கோயில் நாங்கள்தான், இருந்தும் ஒன்றுதான். ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கடைசி நாற்காலிக்குக் கோயில் தெருக்காரர்கள் வைத்த பெயர் யூதாஸ் நாற்காலி. அதில் வருடா வருடம் உட்கார்ந்தவர் இவர்.

யாரோ அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோது அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "யூதாசு காலயும் சேத்துத்தான் கழுவுனாரு ஆண்டவரு. அவன் கால மட்டும் தாண்டிப் போனாருன்னு எங்கனா எழுதிக்கீதா?"

அவர் மட்டும் பாதத்தைக் கழுவிக்கொண்டு வர மாட்டார். கழனியிலிருந்து நேராக வருவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு, எல்லாம் சுத்தமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே சேறு. கோயில் வழவழப்புத் தரையில் வாசல் தொடங்கி நாற்காலி வரைக்கும் அவர் பாதம் அச்சு அச்சாக விழும்.

"கழுவத்தான கூப்புடுறாங்க. கழுவினு வந்தா சாமி எதக் கழுவுவாரு?" என்பார். பழைய சாமியார் சிரித்துக்கொண்டே கழுவுவார். இரண்டு சொம்பு தண்ணீர் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாமியார் மாறி வந்தார். முதல் வருடமே கடைசி நாற்காலிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "பெரியவரே, வெளியே குழாய் இருக்குது. போய் சுத்தம் பண்ணிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார்.

"அதுக்குத்தான சாமி வந்தேன். நீங்க பண்ணுங்க" என்று காலை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

சாமியார் மேலாக்கத் தண்ணீரை ஊற்றினார். கையை வைத்துத் தேய்க்கவில்லை. துடைக்கவில்லை. முத்தம் இல்லை. எழுந்து போய்விட்டார். பாதி கரைந்த சேறு ஒழுக ஒழுக மாமா பூசை முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருடம் அவருக்கு நாற்காலி இல்லை என்று கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் முடிவானது. பேரவைத் தலைவர் கோயில் தெருவில் அரிசி மில் வைத்திருந்தவர். அவர் எங்கள் தெருவுக்கு வந்து, "நாங்க காலனிய ஒதுக்கலப்பா. வேற ஆளு யாருனா காலக் கழுவினு வரட்டும்" என்றார். வாய் பேசாத ஆளாகத் தேடினார்கள் போலிருக்கிறது, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

எனக்கு நாலு பேர் பார்த்தாலே வேர்க்கும். முடியாது என்று சொல்லவும் வாய் வராது. தலைகுனிந்து நின்றேன். அவரும் குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். பட்டறையில் சாயத் தண்ணீரிலேயே நிற்பவனுக்குப் பாதம் எப்படி இருக்கும்? கணுக்கால் வரைக்கும் அரக்கு, நகக்கண்ணில் மயில் கழுத்து நிறம்.

"இது இன்னாப்பா கறை?"

"சாயங்க. போவாதுங்க."

"சோப்பு போட்டாகூடவா?"

"பட்டுக்குப் போடுற சாயங்க. தொவைச்சா போவக்கூடாதுன்னுதான் போடுறது."

அவர் திரும்பிப் போய்விட்டார். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அவர் வீட்டம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

அந்த வியாழக்கிழமை கோயிலில் பன்னிரண்டு நாற்காலியும் கோயில் தெரு ஆட்களால் நிரம்பியிருந்தன. வருகைப் பாட்டு முடிந்தது. வாசலில் அவர். தலையில், பால் கறக்க உட்காரும் முக்காலி. நடுவழியாக நடந்து போய், பன்னிரண்டாவது நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முக்காலி குள்ளம். முட்டி இரண்டும் தோளுக்கு வந்துவிட்டன. சேற்றுக் காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கழுவினார். துண்டை அவிழ்த்தார். பீடத்துக்குத் திரும்பிவிட்டார். மில்காரர் பின்னாலிருந்து, "ஆண்டவருக்குப் பன்னெண்டு சீடருதான்" என்றார்.

அவர் திரும்பாமலே சொன்னார். "பன்னெண்டுதான். அதுல பாதி எங்களுது."

அதுவரைக்கும் எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு நாற்காலி போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஆறு கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போனவர் வாசலில் வைத்திருந்த தண்ணீரைத் தொடவில்லை. அவர் வீட்டம்மா, "காலக் கழுவினு உள்ள வாங்க" என்றார்.

"கழுவ வேண்டியவரு கழுவுல. நான் எதுக்குக் கழுவணும்?"

"பாயெல்லாம் சேறாவும்."

"ஆவட்டும்."

"உங்க ரோசத்துக்கு நான் பாய அலசணுமா?"

பெரிய வெள்ளி போனது, ஈஸ்டர் பாஸ்கா போனது. அவர் வரப்பிலேயே நடந்தார், தண்ணீரில் கால் வைக்கவில்லை. மகன்கள்தான் மடை திருப்பினார்கள். அப்புறம் ஒரு நாள் வாய்க்கால் உடைத்துக்கொண்டு நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கியவர் அவர்தான். ஏறி வந்து தம் பாதத்தைப் பார்த்துக்கொண்டு, "வாய்க்காலுக்கு நம்ம ரோசம் எங்க தெரியுது" என்றார்.

அடுத்த வருடம் இரண்டு முக்காலி. இரண்டாவது எனக்கு.

"மாமா, என்னால முடியாது. பேஜாரா பூடும். எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கத்தான்டா போறோம். சேறுன்னா கழுவினு வான்னு சொல்ட்டாங்க. உன் காலுக்கு இன்னா சொல்லுவாங்கன்னு பாக்கறேன்."

"எனக்கு வேர்க்கும் மாமா."

"வேர்க்கட்டும். சாமி தண்ணி ஊத்துவாரு இல்ல."

ஊற்றவில்லை. நான் அரக்கு நிறக் காலோடு, அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோயில் தெருப் பையன்கள் என் பாதத்தைக் காட்டிச் சிரித்தார்கள். முதுகு நனைந்துவிட்டது. ஆனால் எழுந்து ஓடவில்லை. அன்றைக்கு அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த வருடம் மூன்று. அப்புறம் நான்கு. முக்காலி, பெஞ்சு, டீக்கடை ஸ்டூல் என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனோம். தெள்ளாரில் வாத்தியாராக இருந்த அவருடைய மூத்த மகன் ஒரு நாள் வந்து, "நைனா, என்னால வெளில தல காட்ட முடியல" என்றார்.

"தலைய யாரு கேட்டா? நீயும் வந்து காலக் காட்டு."

மகன் சோறு சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். ரொம்ப நாள் வரவில்லை. அது மாமாவுக்கு வருத்தம். சாயங்காலத்தில், மகன் வரக்கூடிய வந்தவாசிப் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டோரக் கழனியில் மட்டும் அவருக்கு ஏதாவது வேலை இருக்கும்.

கடைசி மகள் கல்யாணத்தில்தான் அவரைப் பிடித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். முதல் ஞாயிறு வாசிக்கவில்லை. விசாரித்தால், பேரவையில் வந்து ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டால் அடுத்த வாரம் வாசிப்பார் என்று மில்காரர் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியது. வீட்டம்மா அழுதார். மகள் அழவில்லை. "மன்னிப்பு கேட்டுனு வந்தீங்கன்னா நான் தாலிக்குத் தலை குனிய மாட்டேன் நைனா" என்றது. அந்த வீட்டில் அவர் குணம் முழுசாக வந்தது அந்தப் பெண்ணுக்குத்தான்.

மறு ஞாயிறும் வாசிக்கவில்லை. பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது அவர் கோயில் படியில் ஏறி நின்றார். மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஊர் பெயரையும் சொல்லி, "இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம். தடை தெரிஞ்சவங்க இப்பவே சொல்லுங்க. நான் ஒக்காந்த எடந்தான் தடைன்னா, அதையும் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சாமியார் ஓலையை வாசித்தார், மூன்று வாசிப்புக்கும் சேர்த்து ஒரே தடவையாக.

கல்யாணப் புடவை எடுக்க ஆரணிப் பெரிய கடைத்தெருவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரித்திருந்தது. கடைப்பையன் அவர் பாதத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, நீங்க அங்கயே நில்லுங்க, நான் எடுத்துனு வந்து காட்றேன்" என்றான். அவர் நேராகப் போய் வெள்ளை விரிப்பின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "எடுத்துப் போடுப்பா. பொடவய நான் கால்லயா சுத்திக்கப் போறேன்?" என்றார். முதலாளியே சிரித்துவிட்டார். அரக்கில் பச்சைக் கரை எடுத்தோம். என் பட்டறைச் சாயம்தானா என்று விரித்து விரித்துக் கேட்டார். என் கையால் முக்கியதா என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொன்னேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு சாமியார் வந்தார். சின்ன வயசு. அதற்குள் மாமா படுத்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் வராது. பெரிய வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் இந்தச் சாமியார் கிண்ணமும் துண்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நான் அங்கே இருந்தேன்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். நான் கழுவுறேன், காலைக் கொடுங்க" என்றார்.

மாமா நல்ல காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இங்க வாணாம் சாமி. எங்க வூட்ல தண்ணி இல்லியா? எல்லாரும் பாக்க உட்டுட்டுப் போனாங்க. எல்லாரும் பாக்கத்தான் கழுவணும்."

சாமியார் தரையில் உட்கார்ந்தார். வீட்டம்மா கொடுத்த டீயைக் குடித்தார். பிறகு, "எத்தனை நாற்காலி?" என்று கேட்டார்.

"ஆறு. எச்சாவும் வாணாம், கம்மியும் வாணாம்."

குருத்து ஞாயிறு பூசையில் சாமியார் ஆறுக்கு ஆறு என்று அறிவித்தார். கோயில் தெருவில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்படியென்றால் நாங்கள் உட்கார மாட்டோம் என்று மில்காரர் வாசலில் நின்று சொன்னார்.

வியாழன் வந்தது. நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கிப் போனோம். மூத்த மகன் தெள்ளாரிலிருந்து வந்து நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவராக வந்தார். உள்ளே ஒரு பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ஆறு. நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்தோம். எதிரில் ஆறும் காலி.

சாமியார் காத்திருந்தார். யாரும் வரவில்லை. பின்னாலிருந்து எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து அந்தக் காலி நாற்காலிகளுக்குப் போனார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பன்னிரண்டும் நமக்கே.

"ஒக்காராத." மாமாவுடைய குரல் குழறினாலும் சத்தம் குறையவில்லை. "அது அவங்களுது."

"காலியாதான் கீது தாத்தா."

"கெடக்கட்டும். அவங்க காலு அழுக்கே ஆவாதா இன்னா? வருவாங்க."

பையன்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். சாமியார் துண்டு கட்டிக்கொண்டு முதலில் அவர் முன்னால் முழங்கால் போட்டார். பாதத்தைக் கையில் எடுத்தார். கழனிக்குப் போகாத பாதம். சேறு இல்லை. வெடிப்பெல்லாம் கூடி, மெத்தென்று வெளுத்துப்போயிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தேன்.

"கழுவ ஒண்ணுமில்லியே சாமி" என்றார்.

சாமியார் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தம் கொடுத்தார். கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மூத்த மகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவர் மட்டும், "சரி சரி, அடுத்த ஆளுக்குப் போங்க. இவன் சாயக்காரன், இவனுக்கு நேரமாவும்" என்றார். கோயிலே சிரித்தது.

அந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். கல்லறைக்கு மில்காரர் வந்தார். ஒரு பிடி மண் போட்டார். உடனே திரும்பிப் போனார்.

அடுத்த வருடமும் எதிர்ப்பக்கம் ஆறும் காலி. இளைஞர்கள் கோபப்பட்டார்கள், நாற்காலி போடுவதே தண்டம் என்றார்கள். நாங்கள் போட்டோம். அதற்கடுத்த வருடம் கோயில் தெருவிலிருந்து ஒரு கொத்தனார் தனியாக வந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டு பேர். போன வருடம் ஐந்து நாற்காலி நிரம்பிவிட்டது. மில்காரருடையது மட்டும் பாக்கி. அவருக்கும் இப்போது வயதாகிவிட்டது, கோல் ஊன்றித்தான் வருகிறார். பாதம் கழுவும் நேரத்தில் வாசலிலேயே நிற்கிறார். உள்ளேயும் வருவதில்லை, வீட்டுக்கும் போவதில்லை.

இன்று சாயங்காலம் என்னை முதல் நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நினைத்தாலே எழுத்து இன்னும் கோணலாக வருகிறது. போய் உட்காருவேன். காலையில் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போய் நாற்காலிகளை நானே போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். பன்னிரண்டும் போட்டிருக்கிறேன். மில்காரருக்குப் படியேறி வந்ததும் உட்கார வசதியாக இருக்கட்டும் என்று, கைப்பிடி வைத்த நாற்காலியாகப் பார்த்து, வாசலுக்குக் கிட்ட இருக்கிற ஓரத்தில் அவருடையதைப் போட்டிருக்கிறேன். இந்த வருடம் அவர் வரவில்லை என்றாலும் அதில் வேறு யாரையும் உட்கார விட மாட்டேன்.

பெரிய வியாழன், 2009 ஏப்ரல் 9.